ரிசர்வ், இளையோர் அணிகளின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

ஒரு கால்பந்துக் கிளப்பின் முதல் அணிக்கு வரலாறு எழுத உட்காருபவருக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். ஆட்ட முடிவுகளையும் கோல் அடித்தவர்களையும் புள்ளிப் பட்டியல்களையும் யாரோ தொகுத்து வைத்திருப்பார்கள். ரிசர்வ் அணிக்கும் இளையோர் அணிக்கும் அந்த வசதி கிடையாது. 1930களில் தங்கள் இரண்டாம் அணியில் வாராவாரம் யார் ஆடினார்கள் என்ற முழுப் பதிவு பல கிளப்புகளின் கையிலேயே இருக்காது.

ரிசர்வ் அணி என்பது ஆட்டக்காரர்கள் கடந்துபோகும் இடம். காயம் ஆறி முதல் அணிக்குத் திரும்பக் காத்திருக்கும் மூத்தவர், கீழிருந்து ஏறிவரும் பதினேழு வயதுப் பையன், ஒரு மாதச் சோதனைக்கு வந்த வெளியாள் மூவரும் ஒரே பதினொருவரில் நிற்பார்கள். ஆகவே இந்த வரலாற்றின் அடிப்படை அலகு, "இன்ன தேதியில் இன்ன ஆட்டத்தில் இன்னார் ஆடினார்" என்ற ஒற்றை வரி. பட்டங்களிலிருந்து தொடங்கினால், நாலைந்து கோப்பைகளும் பிற்பாடு புகழடைந்த பத்துப் பெயர்களும்தான் மிஞ்சும். வரிகளைச் சேர்த்துவிட்டால் யார் எப்போது ஏறினார், யார் எங்கே தேங்கினார் என்பது தானாகத் தெரியவரும். கீழே உள்ள முறை பெரும்பாலும் இங்கிலாந்துக் கிளப்புகளை மனத்தில் வைத்தது. பிற நாடுகளில் மாறும் இடங்களைப் பிற்பகுதியில் சொல்லியிருக்கிறோம்.

முதலில் லீக்குகளின் எலும்புக்கூடு

ஆட்டங்களைத் தேடும் முன், எந்தப் பருவத்தில் எந்த அணி எந்தப் போட்டியில் ஆடியது என்று ஒரே தாளில் வரைந்துகொள்ளுங்கள். இடமிருந்து வலமாக ஆண்டுகள். மேலிருந்து கீழாக ரிசர்வ், மூன்றாம் அணி, இளையோர் அணி. இதற்கு ஒரு வாரம் செலவானாலும் தகும். இது இல்லாமல் பழைய நாளிதழ்களுக்குள் இறங்கினால் எந்தப் பெயரைத் தேடுவது என்றே தெரியாது.

வடக்கு இங்கிலாந்தில் 1891இல் தொடங்கிய லங்காஷயர் காம்பினேஷனில் பெரிய கிளப்புகளின் ரிசர்வ் அணிகளும் சிறிய கிளப்புகளின் முதல் அணிகளும் கலந்து ஆடின. 1911இல் சென்ட்ரல் லீக் வந்ததும் வடக்கு, நடுப்பகுதிக் கிளப்புகளின் ரிசர்வ் அணிகள் அங்கே போயின. லண்டன் பக்கம் 1915இல் லண்டன் காம்பினேஷன் உருவானது. பின்னாளில் அது ஃபுட்பால் காம்பினேஷன் ஆயிற்று. 1999இல் பெரிய கிளப்புகளுக்காக பிரீமியர் ரிசர்வ் லீக் தொடங்கி 2012 வரை நடந்தது. அதன் இடத்தில் 21 வயதுக்குட்பட்டோர் லீக் வந்தது. 2016இல் அது பிரீமியர் லீக் 2 என்ற பெயரோடு 23 வயது வரம்புக்கு மாறி, 2022–23 பருவத்தில் மீண்டும் 21க்கு இறங்கியது.

இளையோர் பக்கத்தில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் (எஃப்.ஏ.) இளையோர் கோப்பையான எஃப்.ஏ. யூத் கப் 1952–53இல் தொடங்கியது. தென்கிழக்கில் சவுத் ஈஸ்ட் கவுன்டீஸ் லீக் 1954 முதல் 1998 வரை நடந்தது. எஃப்.ஏ.வின் தொழில்நுட்ப இயக்குநர் ஹோவர்ட் வில்கின்சனின் 1997ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, கிளப்புகளே இளையோரைப் பயிற்றுவிக்கும் அகாடமி முறை வந்ததும் பழைய வட்டார இளையோர் லீக்குகளின் காலம் முடிந்தது. 2012இல் எலைட் பிளேயர் பர்ஃபார்மன்ஸ் பிளான் என்ற இளையோர் வளர்ச்சித் திட்டம், அகாடமிகளை நான்கு தரங்களாகப் பிரித்தது. எந்த லீக்கில் இடம் என்பதை அந்தத் தரமே முடிவு செய்வதால், உங்கள் கிளப்பின் தரம் எந்த ஆண்டில் மாறியது என்பதையும் தாளில் குறியுங்கள்.

2012ஐ ஒரு தடித்த கோடாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு முன் ரிசர்வ் அணி என்றால் முதல் அணியில் இடமில்லாத எவரும். அதற்குப் பின் அது வயது வரம்புள்ள அணி. 2012இல் வந்த விதி, வரம்பு தாண்டிய மூன்று களவீரர்களையும் ஒரு கோல்கீப்பரையும் மட்டும் அனுமதித்தது. இரண்டு காலத்தையும் ஒரே பட்டியலில் போட்டு "அதிக ஆட்டங்கள் ஆடியவர்" என்று வரிசைப்படுத்துவது அர்த்தமற்றது. பத்தாண்டு ரிசர்வில் ஆடும் ஆட்டக்காரருக்கு இன்றைய முறையில் அநேகமாக இடமே இல்லை.

இந்த எலும்புக்கூட்டில் மூன்று குழிகள் உண்டு. ஒன்று, 1915–19 லண்டன் காம்பினேஷன். போரால் ஃபுட்பால் லீக் நிறுத்தப்பட்டதால் அந்தப் பருவங்களில் அதில் ஆடியவை முதல் அணிகள். பின்னால் ரிசர்வ் லீக் ஆனதை வைத்து அந்த ஆட்டங்களையும் ரிசர்வ் கணக்கில் ஏற்றிவிடக் கூடாது. இரண்டு, சென்ட்ரல் லீக்கில் ஆடிய எல்லாமே ரிசர்வ் அணிகள் அல்ல. போர்ட் வேலின் முதல் அணி அங்கேதான் இருந்தது. 1919 அக்டோபரில் லீட்ஸ் சிட்டி வெளியேற்றப்பட்டபோதுதான் அதன் இடத்தில் இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. அதனால் எதிரணி எந்த நிலை அணி என்பதையும் எழுதி வையுங்கள். மூன்று, 1939–40 பருவம். போர் மூண்டதால் லீக் மூன்று ஆட்டங்களோடு கைவிடப்பட்டது. அப்படிப்பட்ட ஆட்டங்களைத் தனிப் பட்டியலில் வையுங்கள். மொத்தத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒருமுறை முடிவு செய்து, முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

பெயர்களும் கவனம் கேட்கும். ஆரம்ப காலத்தில் ரிசர்வ் அணிக்குத் தனிப் பெயரே இருந்ததுண்டு. ஸ்டோக் கிளப்பின் இரண்டாம் அணி ஸ்டோக் ஸ்விஃப்ட்ஸ். "ஏ அணி" என்ற சொல் ஸ்காட்லாந்தில் இரண்டாம் அணியைக் குறிக்கும். இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளில் பெரும்பாலும் அது ரிசர்வுக்குக் கீழே உள்ள மூன்றாம் அணி, "பி அணி" நான்காவது. டாட்டன்ஹாமின் ஏ அணி ஈஸ்டர்ன் கவுன்டீஸ் லீக்கில் ஆடியது அப்படித்தான். வேறொரு கிளப்பையே நாற்றங்காலாக வைத்துக்கொண்டதும் உண்டு. 1934 முதல் 1938 வரை மார்கேட் கிளப் ஆர்சனலுக்கு அப்படி இருந்தது. அங்கே ஆடிய ஆர்சனல் பையன்களை விட்டுவிட்டால் அந்த நான்கு ஆண்டுகள் ஓட்டையாகவே நிற்கும்.

எங்கே தேடுவது

முதன்மை ஆதாரம் உள்ளூர் நாளிதழ். சனிக்கிழமை ஆட்டத்தின் முழுச் செய்தி பெரும்பாலும் திங்கள் இதழில் இருக்கும். சனி மாலையே வந்த விளையாட்டுச் சிறப்பிதழ்களில் ரிசர்வ் ஆட்டங்களின் விரிவான வர்ணனை கிடைக்கும். ஆனால் அச்சுக்குப் போகும் அவசரத்தில் கடைசிப் பகுதி விடுபட்டிருக்கும். அதில் உள்ள ஸ்கோரை இறுதி ஸ்கோராக எடுத்தால் தவறும். வர்ணனையைச் சனி இதழிலிருந்தும் முடிவைத் திங்கள் இதழிலிருந்தும் எடுங்கள்.

வெள்ளி அல்லது சனி காலை இதழில் வரும் பதினொருவர் பட்டியல் வெறும் அறிவிப்பு. ரிசர்வ் அணியில் அது மாறாமல் களமிறங்குவது அபூர்வம். முதல் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ரிசர்விலிருந்து ஒருவரை இழுப்பார்கள், அந்த இடத்துக்கு மூன்றாம் அணியிலிருந்து ஒருவர் வருவார். ஆட்டநாள் கையேட்டில் அச்சான பட்டியலும் இதே வகைதான். பழைய ரிசர்வ் கையேடுகள் பெரும்பாலும் மடித்த ஒற்றைத் தாள். அதன் அப்போதைய சொந்தக்காரர் பென்சிலால் பெயரை அடித்து மாற்றி எழுதியிருந்தால் அந்தப் பென்சில் குறிப்புக்கு அச்சை விட மதிப்பு அதிகம். சேகரிப்பாளர்களிடம் கேட்கும்போது "திருத்தம் எழுதப்பட்ட பிரதி இருக்கிறதா" என்றே கேளுங்கள்.

கிளப்பின் நிர்வாகக் குழுக் கூட்டப் பதிவேடு கிடைத்தால் ஆட்ட முடிவுகளைத் தேடி அதில் நேரம் செலவிட வேண்டாம். யாரைச் சோதனைக்கு எடுத்தார்கள், யாருக்கு ஒப்பந்தம் தரவில்லை, ரிசர்வ் அணியைக் கலைக்கலாமா என்று எப்போது பேசினார்கள் என்பதுதான் அங்கே இருக்கும், அது வேறெங்கும் கிடைக்காது. லீக் வெளியிட்ட ஆண்டுக் கையேட்டில் இறுதிப் புள்ளிப் பட்டியல் இருக்கும். எதிரணி ஊரின் நாளிதழையும் விடாதீர்கள். வெளியூர் ஆட்டங்களுக்கு உங்கள் ஊர் இதழ் இரண்டு வரி எழுதியிருக்க, அவர்கள் இதழ் அரைப் பத்தி எழுதியிருக்கும்.

மின்வடிவ நாளிதழ்க் களஞ்சியத்தில் தேடும்போது கிளப் பெயரோடு "ரிசர்வ்" என்று தேடினால் பாதிதான் வரும். பழைய அச்சை இயந்திரம் தவறாக வாசித்திருக்கும், அந்தச் சொல்லும் பெரும்பாலும் சுருக்கமாகவே அச்சாகியிருக்கும். எதிரணியின் பெயரோடு லீக் பெயரைச் சேர்த்துத் தேதியைக் குறுக்குங்கள். முதல் அணி வெளியூரில் ஆடும் சனிக்கிழமை ரிசர்வ் அணி சொந்த மைதானத்தில் ஆடும், முதல் அணி ஊரில் இருந்தால் ரிசர்வ் வெளியே போகும். பல பத்தாண்டுகளுக்கு இந்த ஏற்பாடு மாறாமல் இருந்ததால், முதல் அணியின் அட்டவணையைக் கையில் வைத்தே எந்த இதழைப் புரட்டுவது என்று கணித்துவிடலாம். பிற்காலத்தில் ரிசர்வ் ஆட்டங்கள் வாரநாள் மாலைக்கு நகர்ந்தபின் இந்தக் கணிப்பு உதவாது.

ஒரு ஆட்டம், பதினொரு வரி

22 அணிகள் உள்ள லீக்கில் ஒரு பருவத்துக்கு 42 ஆட்டங்கள். இருபது பருவங்களுக்கு 840 ஆட்டங்கள், மாற்று ஆட்டக்காரர் இல்லாத காலத்தில் 9,240 வரிகள். இதை நோட்டுப் புத்தகத்தில் சமாளிக்க முடியாது. எக்செல் போதும், ஆனால் இரண்டு தாள்களாகப் பிரியுங்கள். ஒன்று ஆட்டங்களுக்கு: ஆட்ட எண், தேதி, போட்டி, மைதானம், எதிரணி, எதிரணியின் நிலை, நம் கோல், எதிரணி கோல், பார்வையாளர் எண்ணிக்கை, ஆதாரம். இன்னொன்று ஆட்டக்காரர்களுக்கு: ஆட்ட எண், ஆடிய இடம், அச்சில் உள்ளபடி பெயர், அடையாளம் கண்ட ஆட்டக்காரரின் எண், கோல்கள், நம்பகத் தரம்.

எக்செல் இரண்டு இடங்களில் காலை வாரிவிடும். 1900க்கு முந்தைய தேதிகளை அது தேதியாக ஏற்காது. அதனால் அந்தக் கட்டத்தை முதலிலேயே எழுத்து வடிவுக்கு மாற்றி 1897-10-23 என்ற முறையில் எழுதுங்கள்; வரிசைப்படுத்தவும் இதுவே வசதி. அடுத்து, ஸ்கோரை ஒரே கட்டத்தில் 2-1 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும். ஆயிரம் வரிக்குப் பிறகு கவனித்தால் எது 2-1, எது 1-2 என்று திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. இரண்டு அணிகளின் கோல்களுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்துவிடுங்கள்.

அச்சில் உள்ள பெயருக்கும் அடையாளம் கண்ட பெயருக்கும் தனித்தனிக் கட்டம் என்பது எந்தக் காரணத்துக்காகவும் தளரக் கூடாத விதி. "ஸ்மித்" என்று அச்சாகியிருந்ததை நீங்கள் ஒரு குறிப்பிட்ட ஸ்மித் என்று முடிவு செய்து மேலெழுதிவிட்டால், இரண்டாண்டு கழித்து இன்னொரு ஸ்மித் இருந்தது தெரியவரும்போது திரும்பிப்போக வழி இருக்காது. நம்பகத் தரத்துக்கு மூன்று படிகள் போதும்: ஆட்டத்துக்குப் பிந்தைய இரண்டு ஆதாரங்கள் ஒத்துப்போனால் 1, ஒன்றே இருந்தால் 2, முன்னறிவிப்புப் பட்டியல் மட்டும் என்றால் 3. மூன்றாம் தரத்தை ஆட்ட எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பட்டியலில் "ஏ. என். அதர்" என்றோ "நியூமேன்" என்றோ வந்தால் அப்படி ஒரு ஆள் இருந்ததாக எண்ணி எண் கொடுத்துவிட வேண்டாம். பெயர் வெளிவரக் கூடாத சோதனை ஆட்டக்காரருக்கோ இன்னும் முடிவாகாத இடத்துக்கோ போட்ட மறைபெயர்கள் அவை. பின்வரும் வாரங்களில் யார் ஒப்பந்தமானார் என்று பார்த்தால் சில முடிச்சுகள் அவிழும். அவிழாதவை அப்படியே இருக்கட்டும்.

ஒரே குடும்பப் பெயரில் அண்ணன் தம்பி இருவரும் கிளப்பில் இருந்தால் ஆடிய இடத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஆளின் பிறப்பை உறுதி செய்ய இங்கிலாந்தின் பிறப்புப் பதிவு அட்டவணை உதவும். 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்து அச்சு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் உண்டு என்பதால் உடன்பிறந்தவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. 1921 மக்கள்தொகைக் கணக்கு பார்வைக்கு வந்துவிட்டது. 1931 கணக்குத் தாள்கள் 1942இல் தீயில் அழிந்தன, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்துக்கு 1939 செப்டம்பரில் எடுத்த தேசியப் பதிவேடுதான் துணை.

வயதுக் கணக்கு

இளையோர் அணி வரலாற்றில் அதிகம் சறுக்குவது இங்கேதான். "18 வயதுக்குட்பட்டோர்" என்றால் ஆட்டம் நடந்த நாளில் 18 ஆகாதவர் என்று பொருளில்லை. பருவத் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் 18 ஆகாதவர் என்று பொருள். டங்கன் எட்வர்ட்ஸ் 1936 அக்டோபர் 1இல் பிறந்தவர். 1955 ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் முதல் அணியில் அறிமுகமானார். அதே பருவத்தின் யூத் கப் இறுதியிலும் மான்செஸ்டர் யுனைடெட் இளையோர் அணிக்கு ஆடினார். அப்போது அவருக்கு 18 முடிந்து ஆறு மாதம் கடந்திருந்தது. நாட்டுக்கு ஆடிய ஒருவர் மறுபடி பையன்களோடு ஆடினார் என்பதைப் பார்த்ததும் "பதிவில் பிழை" என்று அடித்துவிடத் தோன்றும். அடிக்காதீர்கள். படிக்கட்டு போல இளையோர், ரிசர்வ், முதல் அணி என்று ஒரே திசையில் ஏறுவார்கள் என்ற எண்ணத்தை இந்த ஒரு உதாரணமே உடைக்கிறது. மேலும் கீழுமான இந்தப் போக்குவரத்தைப் பதிவதுதான் நம் வேலை.

இங்கிலாந்து அகாடமிகளில் வயதுக் கோடு செப்டம்பர் 1. பள்ளி ஆண்டைப் பின்பற்றியது. ஐரோப்பியப் போட்டிகளில் ஜனவரி 1. ஆகவே ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ 2013–14இல் தொடங்கிய யூத் லீக்கின் 19 வயதுக் குழுவும் அதே கிளப்பின் உள்நாட்டு இளையோர் குழுவும் ஒரே ஆட்கள் ஆகாது. ஒவ்வொரு போட்டிக்கும் பக்கத்தில் வெட்டுநாளை எழுதி வையுங்கள்.

1960இல் அப்ரெண்டிஸ் (பயிற்சி ஆட்டக்காரர்) முறை வரும் முன், பள்ளி முடித்த பையன்களை மைதானப் பணியாளர்களாக எடுத்து மாலையில் ஆடவைத்தார்கள். அந்தக் காலத்து இளையோர் அணியில் பலர் அமெச்சூர்களாகப் பதிவானவர்கள், ஒரே வாரத்தில் வேறு கிளப்புக்கும் ஆடியிருக்கலாம். "சேர்ந்த தேதி" என்று ஒன்றைத் தேடுவதை விட முதல் ஆட்டம், கடைசி ஆட்டம் என்ற இரண்டு தேதிகளைப் போடுவது நேர்மையானது.

கணக்கு சரியா?

லீக்கின் இறுதிப் பட்டியல் அச்சில் இருந்தாலும் நம்பிவிட வேண்டாம், ரிசர்வ் லீக் பட்டியல்களில் அச்சுப்பிழை ஏராளம். பட்டியலில் எல்லா அணிகளின் வெற்றிகளைக் கூட்டினால் தோல்விகளின் கூட்டுத்தொகை வர வேண்டும். அடித்த கோல்களின் மொத்தம் வாங்கிய கோல்களின் மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். வெற்றிக்கு இரண்டு புள்ளி இருந்த காலத்தில் மொத்தப் புள்ளிகள் ஆட்டங்களைப் போல இரு மடங்கு: 22 அணி லீக்கில் 462 ஆட்டங்கள், 924 புள்ளிகள். மூன்று புள்ளி முறையில் ஆட்டங்களை மூன்றால் பெருக்கி டிரா ஆன ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கழியுங்கள். தொகை ஒன்று குறைந்தால் எந்த வரியில் பிழை என்பதை அந்த அணியின் ஊர் நாளிதழ் சொல்லிவிடும். ஆட்டக்காரர் தாளில் ஒரு ஆட்டத்துக்குப் பதினொரு பெயர் இருக்கிறதா, கோல்களின் கூட்டு ஸ்கோரோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். ஒன்று குறைந்தால் எதிரணியின் சுயகோலாக இருக்கலாம்.

இங்கிலாந்துக்கு வெளியே

ஸ்பெயின், ஜெர்மனி, நெதர்லாந்து கிளப்புகளை எடுத்தால் வேலை ஒருவகையில் எளிது: இரண்டாம் அணிகள் முதல் அணிகளின் லீக் அடுக்குக்குள்ளேயே ஆடுவதால் பதிவுகள் கிடைக்கும். சிக்கல் விதிகளில் இருக்கிறது. ஸ்பெயினில் தாய் அணியும் இரண்டாம் அணியும் ஒரே டிவிஷனில் இருக்க முடியாது. ரியல் மாட்ரிடின் இரண்டாம் அணியான காஸ்டியா 1983–84இல் இரண்டாம் டிவிஷனை வென்றும் மேலே போகவில்லை. ஜெர்மனியில் பேயர்ன் மியூனிக் இரண்டாம் அணி 2019–20இல் மூன்றாம் லீக்கை வென்றும், நெதர்லாந்தில் யோங் அயாக்ஸ் 2017–18இல் இரண்டாம் நிலை லீக்கை வென்றும் அப்படியே நின்றன. விதியைச் சொல்லாமல் "சாம்பியன், ஆனால் ஏறவில்லை" என்று மட்டும் எழுதினால் வாசகர் குழம்புவார்.

கோப்பைகளிலும் விதி மாறிய ஆண்டு முக்கியம். 1980இல் காஸ்டியா ஸ்பெயின் அரசர் கோப்பையின் இறுதி வரை வந்து தன் தாய் அணியான ரியல் மாட்ரிடிடம் 6–1 என்று தோற்றது. ரியல் லீக்கையும் வென்று சாம்பியன்களுக்கான ஐரோப்பியப் போட்டிக்குப் போனதால், அடுத்த பருவத்தின் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் போட்டியில் காஸ்டியாதான் ஆடியது. முதல் சுற்றில் வெஸ்ட் ஹாமை ஊரில் 3–1 என்று வென்று, லண்டனில் 5–1 என்று தோற்று வெளியேறியது. 1993இல் ஹெர்தா பெர்லினின் அமெச்சூர் அணி ஜெர்மன் கோப்பை இறுதியில் லெவர்குசனிடம் 1–0 என்று தோற்றது. இரண்டு நாடுகளிலும் பிறகு இரண்டாம் அணிகளுக்குக் கோப்பைக் கதவு மூடப்பட்டது. ஜெர்மனியில் 2005க்கு முன் "அமெச்சூர்" என்று இருந்த பெயர் பின்னர் "இரண்டு" என்ற எண்ணாக மாறியதால் இரண்டு பெயரிலும் தேடுங்கள். பார்சிலோனாவின் இரண்டாம் அணி பார்சிலோனா அட்லெடிக், பார்சிலோனா பி என்று மாறி மாறிப் பெயர் பெற்று 2022இல் மறுபடி அட்லெடிக் ஆயிற்று. ஆட்டம் நடந்த நாளில் என்ன பெயரோ அதையே தாளில் எழுதுங்கள்.

எழுத உட்காரும்போது

"எங்கள் அகாடமியில் உருவானவர்" என்ற சொல்லுக்கு முதல் பக்கத்திலேயே வரையறை கொடுங்கள். 18 வயதில் வாங்கிவந்து ஆறு மாதம் இளையோர் அணியில் ஆடியவரையும் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் கிளப் வெளியீடுகளில் உண்டு. யூஈஎஃப்ஏ வைத்திருக்கும் அளவுகோல் 15 முதல் 21 வயதுக்குள் மூன்று முழுப் பருவம் அல்லது 36 மாதம் அந்தக் கிளப்பில் பதிவாகியிருப்பது. ஏழு வயதில் வந்து பதினைந்தில் போனவரை அது விட்டுவிடும். இருந்தாலும் பல கிளப்புகளை ஒப்பிட அதுவே வசதி. வேறு வரையறை வைத்தாலும் சரி, ஒன்றை வைத்துக் கடைசிவரை மாற்றாதீர்கள்.

மேலே ஏறியவர்களின் எண்ணிக்கையை எழுதும்போது அந்தப் பருவத்தில் மொத்தம் எத்தனை பேர் ஆடினார்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். 1953 முதல் 1957 வரை முதல் ஐந்து யூத் கப்களையும் மான்செஸ்டர் யுனைடெட் வென்றது. 2014 முதல் 2018 வரை செல்சி தொடர்ந்து ஐந்தை வென்றது. இரண்டும் ஐந்து என்ற ஒரே எண்தான். முதல் அணியில் அவர்கள் ஆடிய ஆட்டங்களைப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த இரண்டு ஐந்துகளும் எவ்வளவு வேறு வேறு என்பது புரியும். உங்கள் தாளில் 9,240 வரிகள் இருந்தால் அந்தக் கேள்விக்கு விடை ஒரு வடிகட்டலில் வரும்.

அத்தியாயங்களைப் பயிற்சியாளர்களின் காலத்தை வைத்துப் பிரிப்பதே நல்லது. ரிசர்வ், இளையோர் அணிகளில் ஒரே பயிற்சியாளர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருப்பதுண்டு. முதல் அணி மேலாளர் மூன்று முறை மாறியிருப்பார். பருவவாரியான முடிவுகளும் ஆட்டக்காரர் பட்டியலும் பின்னிணைப்புக்குப் போகட்டும். பின்னிணைப்பில் முழுப் பிறந்த தேதியும் ஊரும் போடுவதைக் காலமானவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினாறு வயதில் இரண்டு ஆட்டம் ஆடி விடுவிக்கப்பட்டு இன்று வேறு வாழ்க்கை வாழும் ஒருவருக்குப் பெயரும் ஆடிய பருவமும் போதும், ஏன் விடுவித்தார்கள் என்ற கூட்டக் குறிப்பை அச்சேற்ற வேண்டாம்.

விடுபட்ட ஆட்டங்களை மறைக்காமல் ஒவ்வொரு பருவத்தின் தலைப்பிலும் "42இல் 37 ஆட்டங்களின் பதினொருவர் கிடைத்துள்ளனர்" என்பதுபோல எழுதிவிடுங்கள். மீதி ஐந்துக்கான கையேடு யாரோ ஒருவரின் அலமாரியில் இருக்கலாம். எந்தத் தேதி, எந்த எதிரணி என்று அச்சில் பார்த்தால்தான் அவர் அதை எடுத்துக்கொண்டு வருவார்.